நாற்பத்து நான்காவது வரி

குருநகர்
03.09.2023

அன்புத் தம்பி கொலின்ஸ்,

உன் ஒரே அக்கா மார்கிரட்தான். என் கையெழுத்து இல்லையே என்று பயந்துவிடாதே, நான் சாகவில்லை. தட்டச்சுப் பழகி, இதை மின்னஞ்சலில் அனுப்புகிறேன். ஒவ்வொரு எழுத்தும் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. கூட்டுக்குள் கைவிட்டு நண்டு பிடிப்பது இதைவிடச் சுகம். நண்டு கடித்தாலாவது அது இருக்கிற இடம் தெரியும்.

போனில் சொல்லலாமே என்பாய். போனில் நீ என்னைக் கதைக்க விட்டால்தானே! "ஓம் அக்கா, ஓம் அக்கா, வேலைக்கு நேரமாச்சு" என்று வைத்துவிடுவாய். கடிதத்தில் நீ குறுக்கே விழ முடியாது. கடைசி வரை கேட்டுத்தான் ஆக வேண்டும்.

விஷயம் இதுதான். நான் இணையப் பக்கம் செய்யப் பழகுகிறேன்.

சிரித்து முடித்தாயா? சரி, மேலே படி.

சோனகத் தெருவில் அஸீஸா என்று ஒருத்தி கொம்யூனிக்கேஷன் கடை வைத்திருக்கிறாள். என் வயதுதான். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களையெல்லாம் ஊரைவிட்டு அனுப்பியபோது போய்ப் புத்தளத்தில் வளர்ந்தவள், பன்னிரண்டு வருடத்துக்கு முன் திரும்பி வந்தாள். போட்டோக்கொப்பி எடுக்கப் போன இடத்தில் பழக்கம். அவள் இணையப் பக்கத்தைக் கையாலேயே எழுதுகிறவள். செவ்வாயும் வியாழனும் சந்தையில் மீன் விற்று முடிந்ததும் போகிறேன். நான் றால் கொண்டு போகிறேன், அவள் வட்டிலப்பம் தருகிறாள். படிப்பு நடுவில் எங்கோ நடக்கிறது.

ஏன் இந்த வேலை என்று சொல்கிறேன். போன வருடம் எங்கள் மீனவர் சங்கத்துக்கு நீ ஒரு பக்கம் செய்து தந்தாய். காற்று அறிவித்தல் அதில் வரும், எந்த வள்ளம் கடலில், எந்த வள்ளம் கரையில் என்பதும் வரும். அதன் முகவரியை நாற்பத்து மூன்று வள்ளத்திலும் பெயின்றால் எழுதி வைத்திருக்கிறார்கள். வடிவான பக்கம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் மண்டைதீவு தாண்டினால் போனில் ஒரே ஒரு கோடுதான் சிக்னல். அந்த ஒற்றைக் கோட்டில் உன் பக்கம் திறக்காது. வட்டம் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஒற்றைக் கோட்டிலும் திறக்கிற ஒன்றை நான் செய்யப் போகிறேன். நவம்பரில் வாடைக்காற்று தொடங்க முன்னர் முடிய வேண்டும். போன நவம்பரில் உன் அத்தான் இரண்டு நாள் கடலில் மிதந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். இன்னொரு முறை அப்படிக் கரையில் நிற்க என் காலால் ஏலாது.

அத்தான் யாகப்பு சுகம் கேட்கச் சொன்னார்.

அக்கா மார்கிரட்


பாரிஸ்
10.09.2023

அக்கா,

ரெயினில் நின்றபடி எழுதுகிறேன். வேலைக்குப் போகவும் வரவும் இரண்டரை மணி நேரம். உட்கார இடம் கிடைத்தால் அன்று லொத்தர் விழுந்த மாதிரி.

நீ பழகுவது சந்தோசம். ஆனால் இந்தக் காலத்தில் யாரக்கா பக்கத்தைக் கையால் எழுதுகிறார்கள்? நான் செய்தது எப்படித் தெரியுமா? திரையில் எல்லாம் ஆயத்தமாகப் பெட்டி பெட்டியாக இருக்கும். விரலால் இழுத்து வேண்டிய இடத்தில் போட வேண்டியதுதான். படம் வேண்டுமா, இழு. மணிக்கூடு வேண்டுமா, இழு. பாட்டு வேண்டுமா, இழு. வேலை இடத்தில் உருளைக்கிழங்குச் சாக்கின் மேல் இருந்துகொண்டு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மூன்று கிழமையில் முடித்தேன். கோவில் படம், அலையில் ஆடுகிற வள்ளங்கள், பின்னால் மாதா பாட்டு. இங்கே பாரிஸ் ஊர்ச் சங்கத்தில் திரை போட்டுக் காட்டினார்கள், எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், படம் அனுப்பினேனே.

கடலில் திறக்காவிட்டால் அது போனின் பிழை. அத்தானுக்கு நல்ல போன் ஒன்று வாங்கி அனுப்புகிறேன். போன நவம்பரில் எஞ்சின் பழுதாகித்தானே மிதந்தார்? அதற்கும் பக்கத்துக்கும் என்ன தொடர்பு?

அறிவித்தலை எல்லோருக்கும் எஸ்.எம்.எஸ். ஆக அனுப்பச் சொல்லேன். விரல் நோகத் தட்டுவதை விட அது சுகம்.

இறங்கும் இடம் வந்துவிட்டது.

கொலின்ஸ்


குருநகர்
24.09.2023

தம்பி,

எஸ்.எம்.எஸ். என்கிறாய். மாதத்துக்கு ஒரு சிம் மாற்றாத மனிதன் எங்கள் துறையில் இருந்தால் அவனுக்குச் சிலை வைக்கலாம். செயலாளர் கிறிஸ்ரியிடம் இருக்கிற இலக்கங்களுக்கு அடித்தால் பாதி எங்கேயோ வவுனியாவில் ஆரோ எடுக்கிறார்கள். போன வாரம் ஒருவன் நித்திரையில் எழும்பி, "கடலோ? நான் மாடு மேய்க்கிறனான்" என்றானாம்.

நல்ல போனும் வேண்டாம். அது தண்ணீரில் விழும்போது அத்தானும் பின்னால் பாய்வார்.

சரி, என் படிப்பைக் கேள். பக்கத்தின் உள்ளே எல்லாமே எழுத்துத்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு திறக்கும் குறி, ஒரு மூடும் குறி. அந்தக் குறி மீன் வாயைப் பிளந்த மாதிரி இருக்கும். ஒரு மீன் வலப்பக்கம் பார்க்கும், ஒன்று இடப்பக்கம் பார்க்கும், நடுவில் ஒரு கட்டளை. 'இங்கிருந்து சிவப்பு' என்று திறந்தால், 'சிவப்பு இத்தோடு சரி' என்று மூட வேண்டும். இவ்வளவுதான். இதற்கா நீ பெட்டி பெட்டியாக இழுத்துக்கொண்டு திரிந்தாய்?

அஸீஸா உன் பக்கத்தை நிறுத்துப் பார்த்தாள். பன்னிரண்டு எம்.பி. என்னுடையது நாலு கே.பி. எனக்குப் புரியவில்லை என்றதும், "மார்கிரட், தம்பியின்ரை பக்கம் பாரமான லொறி. உன்ரை சைக்கிள் கரியரிலை ஒரு பார்சல். ஒற்றைக் கோடு எண்டது ஒடுங்கின ஒழுங்கை. லொறி போகுமோ?" என்றாள். எனக்கு இப்படிச் சொன்னால்தான் ஏறும்.

இன்னொரு வித்தையும் காட்டினாள். பக்கத்தில் தெரியாத வரி எழுதலாம். அதற்கென்று ஒரு குறி உண்டு. வெளியே பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. கணினியில் பக்கத்தின் உள்ளெழுத்தைத் திறந்து பார்க்கிறவனுக்கு மட்டும் தெரியும். எழுதுகிறவர்கள் தங்களுக்குத் தாங்களே குறிப்பு வைப்பதற்காம். நான் முதல் வேலையாகச் சங்கத் தலைவரின் வண்டி வயிற்றைப் பற்றி ஒரு வரி எழுதி வைத்தேன். அஸீஸா சிரித்துச் சிரித்துத் தேத்தண்ணியைக் கொட்டிவிட்டாள்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. உன் பக்கத்தில் கரைக்கு வராத வள்ளத்துக்கு 'திரும்பவில்லை' என்று போட்டிருக்கிறாயே, உனக்கு அது எப்படி வந்தது? இந்தத் துறையில் எந்தப் பெண்ணாவது அந்தச் சொல்லை வாயால் சொல்லிக் கேட்டாயா? சாமம் கடந்தாலும், இரண்டு நாள் கடந்தாலும், 'தொழிலில்' என்றுதானே சொல்வோம். அம்மா உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையில் நின்ற நாளெல்லாம் அப்படித்தான் சொன்னாள். நல்லம்மா மாமி உன் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "உவன் கொலின்ஸ் வெள்ளைக்காரனாப் போனான்" என்று போனைத் தலைகீழாக வைத்துவிட்டா. என் பக்கத்தில் இரண்டே சொல்தான். தொழிலில், கரையில். ஆபத்து என்றால் மட்டும் சிவப்பில் 'உதவி தேவை'.

இப்போது என் பக்கம் ஏதோ ஒரு இலவச முகவரியில் கிடக்கிறது. பெண்களுக்கு வைபரில் அனுப்பியிருக்கிறேன். ஆனால் வள்ளங்களில் எழுதியிருப்பது உன் முகவரி. ஆண்கள் அதைத்தான் தட்டுவார்கள். அந்த முகவரியின் திறப்பு, அந்தக் கடவுச்சொல், உன்னிடம். அதை என் பக்கத்துக்குத் திருப்பிவிடு.

மார்கிரட்


பாரிஸ்
01.10.2023

அக்கா,

பார்த்தேன். வெள்ளைத் தாளில் நாற்பத்து மூன்று வரி. படமில்லை, பாட்டில்லை. மளிகைச் சாமான் துண்டு மாதிரி இருக்கிறது. கீழே என் பெயரும் இல்லை.

இங்கே நான் யார் தெரியுமா? ஒரு உணவகத்துக் குசினியில் கோப்பை கழுவி, இப்போது மரக்கறி வெட்டுகிறவன். பத்தொன்பது வருடம். அந்தப் பொன்னாடை ஒன்றுதான் இந்த நாட்டில் எனக்கு ஆரும் போர்த்தியது. இப்போது ஊர்ச் சங்கத்துக்காரர் கேட்டால் என்ன சொல்வேன்? என்ரை அக்கா அதை எடுத்து எறிஞ்சிட்டா என்றா?

'திரும்பவில்லை' என்ற சொல் அந்தப் பெட்டியோடு வந்தது. மாற்றலாம் என்று தோன்றவில்லை. அதை வேண்டுமானால் மாற்றிவிடுகிறேன். பாட்டையும் எடுக்கிறேன். முகவரியைத் திருப்ப மாட்டேன்.

கொலின்ஸ்


குருநகர்
15.10.2023

தம்பி,

ஆரும் உனக்குச் சொல்ல முன்னர் நானே சொல்லிவிடுகிறேன். நீ சந்தோசப்படுவாய்.

வியாழன் காலை. ஜெறோமின் வள்ளம் எஞ்சின் நின்றுவிட்டது என்று போன் வந்தது. ஆபத்தில்லை, இழுத்துவர ஒரு வள்ளம் போனால் போதும். அவன் என் பட்டியலில் பன்னிரண்டாவது வரி. நான் சந்தையில் நின்றபடி, ஒரு கையில் கத்தி, ஒரு கையில் போன். சிவப்பைத் திறந்தேன், 'உதவி தேவை' என்று போட்டேன். திறந்த சிவப்பை மூடவில்லை.

மூடாவிட்டால் என்ன நடக்கும்? அந்தச் சிவப்பு நிற்காது. கீழே வழியும். பதின்மூன்றாம் வள்ளத்திலிருந்து நாற்பத்து மூன்று வரைக்கும், முப்பத்தொரு வள்ளமும் சிவப்பு.

நல்லம்மா மாமிதான் முதலில் பார்த்தா. தெருவில் இறங்கிக் கத்தினா. யாரோ ஓடிப்போய்க் கோவில் மணியை அடித்துவிட்டார்கள். பூசை இல்லாத நேரத்தில் எங்கள் மணி அடித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான், உனக்குத் தெரியும். சந்தையில் பாதி வெட்டிய மீனைப் போட்டுவிட்டுப் பெண்களெல்லாம் ஓடினார்கள்.

இனித்தான் பகிடி. நானும் ஓடினேன். மணியைக் கேட்டு போனைப் பார்த்தால் பதினேழாம் வரி, 'சின்ன ராணி', உன் அத்தானின் வள்ளம், சிவப்பு. எழுதியவளே நான். ஆனாலும் ஓடினேன், தம்பி. செருப்பு எங்கே கழன்றது என்று இன்றைக்கும் தெரியாது. இறங்குதுறையில் போய் நின்றுதான் மூளை வேலை செய்தது. அங்கே உன் அத்தான் வலையை உதறிக்கொண்டு, "என்னடி, ஏன் எல்லாரும் ஓடியாறியள், ஆர் செத்தது?" என்கிறார்.

கிறிஸ்ரியின் மனைவி ஷெரோன் படியில் விழுந்து மணிக்கட்டு உடைந்துவிட்டது. அது பகிடி இல்லை. ஆஸ்பத்திரியில் போய்ப் பக்கத்தில் இருந்தேன். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஏசியிருக்கலாம்.

சங்கம் என் பக்கத்தை நிறுத்தச் சொல்லிவிட்டது. நிறுத்திவிட்டேன்.

மார்கிரட்


பாரிஸ்
17.10.2023

அக்கா,

கிறிஸ்ரி எனக்கு ஏற்கனவே எழுதிவிட்டான். சந்தோசப்படவில்லை. ஆனால் சொல்லாமல் இருக்க முடியாது.

இழுத்துப் போடுகிற பெட்டியில் இது நடக்காது. அங்கே திறந்ததை அதுவே மூடும். மனிதர் மறப்பார்கள் என்று தெரிந்துதான் படித்தவர்கள் அதைச் செய்து வைத்திருக்கிறார்கள். நீ ஐந்தாம் வகுப்போடு நின்றவள். உனக்கு ஏன் இந்த வேலை? முப்பத்தொரு வீட்டின் உயிரை ஒரு குறியில் தொங்கவிட உனக்கு யார் உரிமை தந்தது?

என் பக்கம் இருக்கட்டும். அதை இனித் தொடாதே.

கொலின்ஸ்


குருநகர்
22.10.2023

கொலின்ஸ்,

ஐந்தாம் வகுப்பு உண்மைதான். அதை நானே ஊரெல்லாம் பகிடியாகச் சொல்லித் திரிகிறவள். நீ பகிடியில்லாமல் சொன்னாய்.

மூட மறந்ததும் உண்மை. ஷெரோனின் கைக்கட்டைக் காணும்போதெல்லாம் நான் மற்றத் தெருவால் போகிறேன்.

இனி, நான் பதினொரு மாதமாக மூடி வைத்திருந்த ஒன்றைத் திறக்கிறேன்.

போன நவம்பர் அந்த நாள், மத்தியானம் இரண்டு மணிக்குக் காற்று அறிவித்தல் வந்தது. கிறிஸ்ரி உடனே உன் பக்கத்தில் போட்டான். அத்தான் அப்போது மண்டைதீவு தாண்டிக் கொஞ்சத் தூரம். வானம் சரியில்லை என்று போனை எடுத்து உன் பக்கத்தைத் திறந்தார். கோவில் படம் பாதி வந்தது. பிறகு வட்டம். மற்றவர்கள் வட்டத்தைப் பார்த்ததும் போனை மடியில் செருகிவிட்டு, வானத்தை நம்பித் திரும்பிவிட்டார்கள். இவர் திரும்பவில்லை. "கொலின்ஸின்ரை பக்கம், கட்டாயம் வரும்" என்று முக்கால் மணி நேரம் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அதற்குள் காற்று பிடித்துவிட்டது. எஞ்சின் பழுதானது அதற்குப் பிறகுதான், தண்ணீர் ஏறி.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா? "மச்சான் செய்தது எண்டு ஊரெல்லாம் பெருமையாச் சொன்னனான். இதை அவனுக்குச் சொல்லிப்போடாதை. எஞ்சின் எண்டு சொல்லு."

எஞ்சின் என்று சொன்னேன். இன்றைக்கு வாக்குத் தவறிவிட்டேன். அவருக்குத் தெரியாது.

உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. நீ மூடாத குறி ஒன்று, நான் மூடாத குறி ஒன்று. ஆனால் என்னுடையதை நான் கண்டுபிடித்துத் திருத்தலாம். உன்னுடையதற்குள் என்ன இருக்கிறது என்று உனக்கே தெரியாதே, தம்பி.

மார்கிரட்


குருநகர்
12.11.2023

தம்பி,

மூன்று கிழமையாகிறது. போனும் எடுக்கிறாயில்லை. கோபமென்றால் கோபம் என்று ஒரு வரி எழுது. ஏசினாலும் பரவாயில்லை, எழுத்துப் பிழை பிடித்துத் திருப்பி அனுப்புகிறேன்.

காற்று மாறிவிட்டது. விடியப்புறம் வடக்கிலிருந்து குளிர்கிறது. எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. குசினிக்கும் வாசல் படலைக்கும் நடந்து நடந்து மணலில் பாதை விழுந்துவிட்டது.

ஒரு செய்தி. போன ஞாயிறு பூசை முடிய ஷெரோன் கட்டுப் போட்ட கையோடு வந்தாள். "அக்கா, உங்கடை பக்கத்தைத் திரும்பப் போடுங்கோ" என்றாள். நான் வாயைப் பிளந்தேன். "அண்டைக்கு எல்லாரும் ஓடினது ஏன்? அது எல்லாருக்கும் திறந்தது, அதாலை. மற்றது ஒருத்தருக்கும் திறக்காது, ஒருத்தரும் ஓடாயினம்" என்றாள். இப்படி ஒரு வக்கீல் எனக்குக் கிடைப்பாள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அவளே கிறிஸ்ரியையும் மடக்கிவிட்டாள். சங்கம் ஓம் என்கிறது, ஒரு நிபந்தனையோடு. வள்ளத்தில் எழுதிய முகவரியிலேயே வர வேண்டும். இரண்டு பக்கம் இருந்தால் ஆட்கள் குழம்புவார்கள்.

நானும் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறேன். இனி நான் தனியே மாற்றுவதில்லை. அஸீஸாவோடு சேர்ந்து, கோவிலில் மன்றாட்டு மாலை சொல்வது போல. நான் ஒவ்வொரு வரியாக "திறந்தது" என்று வாசிப்பேன், அவள் "மூடியாச்சு" என்று பதில் சொல்வாள். நான் கடலோரத்தில் நின்றால் போனில் சொல்வாள். அவள் பதில் சொல்லாமல் ஒரு வரியும் வெளியே போகாது. நேற்று அவளுக்கு வாய் தவறி, "மூடியாச்சு, ஆமென்" என்று வந்துவிட்டது. அல்லா மன்னிப்பாராம், நான்தான் பாவியாம்.

திறப்பு உன்னிடம்தான் இருக்கிறது.

அக்கா


பாரிஸ்
19.11.2023

அக்கா,

எழுதி எழுதி அழித்தேன். நாலாவது முறை இது.

அத்தானின் கதை எழுதிய உன் கடிதம் கிடைத்த அன்று வேலைக்குப் போகவில்லை. ரெயினில் ஏறினேன், கடைசி வரை போய், திரும்பி, மறுபடி போனேன். இங்கே நிலத்துக்குக் கீழே இரண்டு தரிப்பிடங்களுக்கு நடுவில் ஒரு துண்டு இருக்கிறது, சிக்னல் ஒற்றைக் கோட்டுக்கு இறங்கிவிடும். அந்த இடத்தில் என் பக்கத்தைத் திறந்தேன். கோவில் படம் பாதி வந்தது. பிறகு வட்டம். அடுத்த தரிப்பிடம் வந்துவிட்டது. திரும்பிப் போனேன், மறுபடி வட்டம். ஏழு முறை, அக்கா. ஒவ்வொரு முறையும், இந்த முறை வரும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தானும் அப்படித்தானே பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்.

எட்டாம் முறை உன் பழைய முகவரியைத் தட்டினேன். நீ நிறுத்தி வைத்திருந்தாய், 'இந்தப் பக்கம் இப்போது வேலை செய்யாது, மார்கிரட்டைத் திட்ட விரும்புவோர் சந்தைக்கு வரவும்' என்று ஒரு வரி. அது உடனே வந்தது. ரெயினில் நின்று தனியே சிரித்தேன். பக்கத்தில் நின்றவள் நகர்ந்து நின்றாள்.

இன்று காலை முகவரியைத் திருப்பிவிட்டேன். திறப்பைத் தனியே அனுப்புகிறேன், யாருக்கும் காட்டாதே. ஊர்ச் சங்கத்துக்காரரிடம், பழைய பக்கம் கடலில் திறக்காது, புதியதை அக்கா கையால் எழுதினா என்று சொன்னேன். ஒருவர், "படம் ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டார். "அது பார்க்கிறதுக்கில்லை அண்ணை, கடலிலை போறவைக்கு" என்றேன்.

அத்தானுக்குப் போன் எடுத்தேன். எனக்குத் தெரியும் என்று சொல்லத்தான் எடுத்தேன். அவர் என்னைச் சொல்ல விடவில்லை. அரை மணி நேரம் நாவாந்துறைப் பெடியளோடு நடந்த பந்து விளையாட்டைப் பற்றிக் கதைத்தார். கடைசியில், "உன்ரை அக்காவுக்கு வாய் நிற்காது எண்டு எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஐந்தாம் வகுப்பு என்று எழுதியதை என்னால் அழிக்க முடிந்தால் அழிப்பேன்.

கொலின்ஸ்


குருநகர்
29.11.2023, மத்தியானம் 1.50

தம்பி,

அறிவித்தல் வந்துவிட்டது. பக்கத்தில் போட்டு ஐந்து நிமிடம். நானும் அஸீஸாவும் வரி வரியாகச் சொல்லி முடித்தோம். இப்போது நான் இறங்குதுறையில், கருவாட்டுப் பெட்டி ஒன்றின் மேல். கை சும்மா இருந்தால் நகத்தைக் கடிக்கும். அதனால் உனக்கு எழுதுகிறேன். ஒவ்வொரு வள்ளம் வர வர எழும்பி மாற்ற வேண்டும், இடையிடையே விட்டுவிட்டு எழுதுவேன்.

முப்பது வள்ளம் தொழிலில், பதின்மூன்று முதலே கரையில்.

2.15. நாலு வள்ளம் வந்துவிட்டது. முதலாவதாக வந்தவன் வலையைக்கூட இறக்காமல் என்னிடம் வந்து, "மார்கிரட் அக்கா, ஒற்றைக் கோட்டிலை டக்கெண்டு வந்துது!" என்று போனைத் தூக்கிக் காட்டினான். அழுகை வந்தது, "வாயைப் பிளந்துகொண்டு நிக்காமல் வள்ளத்தை ஏத்து" என்று ஏசிவிட்டேன்.

2.50. இன்னும் பதினேழு வள்ளம் கரைக்கு வந்துவிட்டது. காற்று பிடித்துவிட்டது. என் போனை ஷெரோன் தன் குடைக்குள் வைத்துப் பிடித்திருக்கிறாள், நல்ல கையால். நல்லம்மா மாமி செபமாலையோடு என் தோளுக்கு மேலால் எட்டி எட்டிப் பார்த்து, "மூடினியோ, மூடினியோ" என்கிறா. அவவுக்கும் இப்போது தொழில் தெரிந்துவிட்டது.

3.20. நாற்பத்தொன்று கரையில். இரண்டு தொழிலில்.

எவை என்று நீ கேட்பாய். பன்னிரண்டாம் வரியும் பதினேழாம் வரியும். கடைசியாக வந்தவன் சொன்னான், யாகப்பு அண்ணை அறிவித்தலைப் பார்த்து அப்போதே திருப்பிவிட்டாராம். வரும் வழியில் ஜெறோமின் எஞ்சின் மறுபடி நின்றுபோக, கயிறு போட்டு இழுத்துக்கொண்டு வருகிறாராம். அந்த எஞ்சினை நான் ஒருநாள் கருவாடு போடுவேன்.

3.40. தொழிலில்.

3.55. தொழிலில்.

ஆரோ கூப்பிடுகிறார்கள். தூரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி என்கிறார்கள். இரண்டு என்கிறார்கள். மழையில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இந்தக் கடிதத்தை இப்படியே அனுப்புகிறேன், கை அங்கே வேண்டும். மிச்சத்தைப் பக்கத்தில் பார்.


பாரிஸ்
29.11.2023

அக்கா,

உன் கடிதம் வந்தபோது நான் ரெயினுக்குள், அந்த ஒற்றைக் கோட்டுத் துண்டில். வள்ளத்தில் எழுதியிருக்கிற முகவரியைத் தட்டினேன். அடுத்த தரிப்பிடம் வர முன்னரே வந்துவிட்டது.

பன்னிரண்டு, தொழிலில். பதினேழு, தொழிலில்.

மறுபடி தட்டினேன். மறுபடி தட்டினேன். வேலை செய்யும் இடத்துக்கு வந்து, முதலாளியின் கணினியில் தட்டினேன். உங்கள் நேரம் நாலே கால்.

ஜெறோம், கரையில். சின்ன ராணி, கரையில்.

மரக்கறிப் பலகைக்குப் போய்க் கத்தியை எடுத்தேன். பிறகு கணினிக்குத் திரும்பிப் போனேன். நீ பழகியதை நானும் பார்க்க வேண்டும் போலிருந்தது. பக்கத்தின் உள்ளெழுத்தைத் திறந்தேன். மீன் வாய்கள் வரிசையாக. ஒவ்வொன்றும் திறந்து, ஒவ்வொன்றும் மூடி. தலைவரின் வண்டி வயிற்றைப் பற்றிய வரியும் அப்படியே இருக்கிறது, அதை எடுத்துவிடு, ஒருநாள் மாட்டுவாய்.

நாற்பத்து மூன்றாம் வள்ளத்துக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது, வெளியே தெரியாத குறிக்குள்.

'கொலின்ஸ், தொழிலில்.'

பலகைக்குத் திரும்பி வந்த பிறகு வெள்ளைக்கார முதலாளி, ஏன் அழுகிறாய் என்று கேட்டான். வெங்காயம் என்றேன். நான் அப்போது கரட் வெட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த வரியைச் சரியாக மூடியிருக்கிறாய், பார்த்தேன். அதில் கை வைக்காதே, அக்கா. மாற்ற வேண்டிய நாள் வரும்போது நானே அந்தக் கருவாட்டுப் பெட்டியில் உனக்குப் பக்கத்தில் இருந்து மாற்றுகிறேன். நீ "திறந்தது" என்று சொல். மூடுவது நான்.

தம்பி